மூன்றாம் அத்தியாயம்: தேனாம்பேட்டைக் கண்ணாடியில் ஒரு நெஞ்சு

அந்த அறைக் கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

துப்பறியும் ஜெயபாரதி முதலில் கவனித்தது அதைத்தான். ஜெயிலில் அப்படி இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அடையாற்றின் கரையில், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்து டாக்டர் கருணாகரன் நடத்தும் நர்சிங் ஹோமில் எதற்கு? கூட வந்த நர்ஸைக் கேட்டாள். நோயாளிகளின் நன்மைக்காக என்று பதில் வந்தது. நோயாளியின் உறவுக்காரி என்று பொய் சொல்லி உள்ளே வந்திருந்ததால் ஜெயபாரதி மேற்கொண்டு சண்டை பிடிக்கவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜெயபாரதிக்குக் கோபம் புதிதல்ல. யுத்தகாலத்தில் ராணுவத்தின் பெண்கள் பிரிவில், எதிரிகளின் ரகசியத் தந்திகளைப் பிரித்துப் படிக்கும் வேலை பார்த்தவள். யுத்தம் முடிந்ததும் ஒரு சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். அவள் மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு கடிகாரக் கடையின் மாடியில் அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினாள். பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனவர்கள் சிலர், பிறகு அழுதுகொண்டே படி ஏறி வந்தார்கள்.

அன்று காலை வந்தவள் டோரதி என்ற பள்ளி ஆசிரியை. தன்னோடு சாந்தோம் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தும் ஐரினை நர்சிங் ஹோமில் அடைத்து வைத்திருக்கிறார்கள், அவள் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று சொன்னாள்.

ஐரின் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முப்பதை நெருங்கும் வயது. அவளுடைய புடவையை வாங்கி வைத்துக்கொண்டு, முதுகில் நாடா கட்டும் வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டியிருந்தார்கள். செருப்பைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் ஒரு வகுப்பையே வாய் திறக்காமல் அடக்கும் பார்வை அவளிடம் மிச்சமிருந்தது.

மழைக்காலத்தில் வந்த இருமல் போகவேயில்லை என்று அவள் ஆரம்பித்தாள். துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கும் அண்ணன் ஆம்ப்ரோஸ்தான் அவளை இந்த டாக்டரிடம் அழைத்து வந்தான். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொன்னார். படம் வந்ததும் அவளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அண்ணன், ஒன்றுமில்லை, கொஞ்சம் பலவீனம், ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்றான். அவளும் நம்பினாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் மேஜையைச் சுற்றி மொய்க்கிற பிள்ளைகள் தள்ளி நிற்க ஆரம்பித்தார்கள். அவள் தண்ணீர் குடிக்கும் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். பிறகு மேலிடத்திலிருந்து, வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

"என்ன வியாதின்னு எனக்கு யார் சொன்னது தெரியுமா? மீன் விக்கிற தங்கம். 'வலது நெஞ்சு பொத்துப்போச்சாமே டீச்சர், டி.பி.யாமே'ன்னு வாசல்ல நின்னு கேட்டா. டாக்டருக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், மீன்காரிக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

அன்றே டாக்டரிடம் வந்து படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பார்த்தால் உனக்கென்ன புரியும் என்று அவர் சிரித்தாராம். இரண்டு நாள் தங்கிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லித்தான் இங்கே சேர்த்தார்கள். இன்று காலை நர்ஸ் வந்து அவள் விலாவில் ஊதா மையால் கோடு போட்டபோதுதான், மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றே அவளுக்குத் தெரிந்தது. நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்க, அந்தப் பக்கத்து விலா எலும்புகள் சிலவற்றை வெட்டி எடுக்கப் போகிறார்கள். வேண்டாம் என்று அவள் சொன்னாள். அண்ணன் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றாள் நர்ஸ்.

ஐரின் கையைத் தூக்கிக் காட்டினாள். மைக்கோடுகள் இடது விலாவில் இருந்தன.

"நாளைக்கு நான் பிழைப்பேனோ மாட்டேனோ. என் வியாதியை எனக்குச் சொல்லாம ஊருக்குச் சொன்னது யாருன்னு மட்டும் அதுக்குள்ள கண்டுபிடிச்சுக் கொடுங்க."

ஜெயபாரதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தங்கம் எந்தப் பக்கம் என்று சொன்னாள்? வலது என்றுதான், பள்ளிக்கூடத்திலும் எல்லோரும் வலது என்றுதான் பேசிக்கொள்கிறார்கள் என்றாள் ஐரின். அதை அவள் பெரிதாக நினைத்திருக்கவில்லை. ஜெயபாரதி எழுந்துவிட்டாள்.

வாசலில் பழைய ஆஸ்டின் காரின் மேல் சாய்ந்துகொண்டு அவளுடைய உதவியாளர் இனாயத் நின்றிருந்தார். ஐஸ்ஹவுஸ் பக்கத்து ஆசாமி. ஜெயபாரதியைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டி ஓட்டுவதும் வாய் ஓட்டுவதும் அவர் பொறுப்பு. அவர் காட்டிய பக்கம் பார்த்தபோது, மெலிந்த மனிதர் ஒருவர் கைக்குட்டையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நர்சிங் ஹோம் படியேறிக்கொண்டிருந்தார்.

"அவுருதான் டீச்சரோட அண்ணனாம். கூர்க்கா சொன்னாரு. தங்கச்சி வியாதி வாசல்லயே வந்து ஒட்டிக்கும்னு பயந்துக்கினு போறாரு பாருங்கம்மா."

கார் கிளம்பியதும் விவரத்தைக் கேட்டுக்கொண்டு, ஊருக்குச் சொன்னவர் டாக்டராகவோ நர்ஸாகவோதான் இருக்க வேண்டும், அங்கேயே யாரையாவது பிடித்து உலுக்கியிருக்கலாம் என்றார் இனாயத். ஜெயபாரதி வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவரை இறங்கி வண்டிக்கு முன்னால் போய், தன்னைப் பார்த்து நின்று, இடது கையைத் தூக்கச் சொன்னாள். இனாயத் நடுரோட்டில் கையைத் தூக்கி நின்றார். சைக்கிளில் வந்த ஒருவர் போலீஸ்காரர் என்று நினைத்து இறங்கிவிட்டார்.

"இப்ப உங்க இடது கை எனக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"உங்களுக்கு வலது பக்கம். இதுக்கா என்னை ரோட்ல நிக்க வெச்சீங்க?"

வண்டி மீண்டும் நகர்ந்தபோது ஜெயபாரதி விளக்கினாள். ராணுவத்தில் சேர்ந்தபோது அவளுக்கும் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தில் இருக்கும் ஆள் நம்மைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிக் கொடுத்தார். அவருடைய இடது நெஞ்சு நமக்கு வலது பக்கம் தெரியும். தொழில் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து இடது என்பார்கள். இடது விலாவில்தான் கோடும் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஊர் முழுக்க வலது என்கிறது. ஆகவே ஊருக்குச் சொன்னது டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, அவர்கள் சொல்லக் கேட்ட அண்ணனும் இல்லை. யாரும் வாயால் சொல்லிப் பரவிய செய்தியே இல்லை அது. படத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் படத்தையே நேரில் பார்த்திருக்கிறார்கள்.

"நோயாளிக்கே காட்டாத படத்த ஊரு எங்க போய்ப் பாத்திச்சி? டூரிங் கொட்டாய்லயா?" என்றார் இனாயத்.

சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் தங்கத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. காலை வியாபாரம் முடித்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐரின் டீச்சரைப் பற்றி யார் சொன்னது என்று கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தான் புரளி பேசுகிறவள் இல்லை என்றாள். தேனாம்பேட்டை வீடுகளுக்கு நண்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மவுண்ட் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பாளாம்.

"எதுத்தாப்புல கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெளக்கு போட்டுத் தொங்கிக்கினு கீது. கூட நின்னவங்கோ பேரைப் படிச்சி சொன்னாங்கோ. நம்ம டீச்சராச்சேன்னு மனசு கேக்காம விசாரிச்சேன். அவங்களுக்கே தெரியாதுன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்?"

அவள் குரல் கடைசியில் இறங்கிவிட்டது. அவள்மேல் கோபப்பட ஜெயபாரதிக்கு ஒன்றுமில்லை.

தேனாம்பேட்டையில் தங்கம் சொன்ன இடத்தில் அது இருந்தது. கனகராஜ் எக்ஸ்ரே நிலையம். கல்யாண போட்டோக்களை மாட்டிவைக்கிற மாதிரியே, தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு எக்ஸ்ரே படங்கள், பின்னால் விளக்கு. ஒன்றின் கீழே 'நோயுற்ற நெஞ்சு: சாந்தோம் ஆசிரியை செல்வி ஐரின்' என்று அழகான கையெழுத்து. மற்றதன் கீழே 'ஆரோக்கியமான நெஞ்சு' என்று மட்டும். எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களில் பாதிப்பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பனார் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஜெயபாரதிக்குக் காதுமடல் சுட்டது. கடைக்குள் போனாள்.

கனகராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். போட்டோ ஸ்டூடியோவாக இருந்ததை யுத்தத்துக்குப் பிறகு எக்ஸ்ரே நிலையமாக மாற்றியவர். வாடிக்கைக்காரி வந்திருக்கிறாள் என்று நாற்காலி போட்டார். இது யாருடைய அனுமதியில் தொங்குகிறது என்று கேட்டதும் அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. முகமா தெரிகிறது, எலும்புதானே என்றார். நல்ல தெளிவான படம், ஜனங்கள் பார்த்தால் பயந்து படம் எடுக்க வருவார்கள் என்று டாக்டர் கருணாகரனே சொன்னாராம். பேரை எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டாள்.

"பேரு போட்டாத்தானம்மா நெசம்னு நம்புவாக."

"அப்ப அந்த நல்ல நெஞ்சுக்கு மட்டும் ஏன் சார் பேரு இல்ல? அதுக்கு வெக்கமா?" என்று இனாயத் இடையில் புகுந்தார். அவர் கண்ணாடிப் பெட்டியைப் பின்பக்கமாகத் திறந்து மூக்கை நுழைத்திருந்தார்.

அதுவும் அதே நாளில் எடுத்ததுதான், நோயில்லாத படத்துக்கு யார் பேர் கேட்கப் போகிறார்கள் என்றார் கனகராஜ். ஆரோக்கியமான நெஞ்சில் தோள் பக்கம் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறதே என்று இனாயத் கேட்டதற்கு, அது ஏதோ கீறல் என்றார்.

ஜெயபாரதி இரண்டு படங்களையும் கழற்றினாள். ஒன்றுக்குப் பேர் இருந்தது, ஒன்றுக்கு இல்லை. இரண்டுமே யாரோ ஒருவருடையது. கனகராஜ் குறுக்கே வந்து, படம் கடையின் சொத்து என்றார்.

"படம் உங்க சொத்துன்னா, நெஞ்சு யார் சொத்து?" என்றாள் ஜெயபாரதி.

அதற்குள் இனாயத் வாசலுக்குப் போய், பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டார். இந்தக் கடையில் படம் எடுத்தால் அடுத்த வாரம் உங்கள் நெஞ்சும் பேரோடும் தெருவோடும் இங்கே தொங்கும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் முன்னாடியே சொல்லிவிடுங்கள் என்றார். பிள்ளையைத் தூக்கிக் காட்டிய தகப்பனார் பிள்ளையை இறக்கிவிட்டார். இரண்டு மூன்று பேர் தெருவைக் கடந்து கடையை நோக்கி வரவும், கனகராஜ் வழிவிட்டார்.

ஐரின் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு, அவளுடைய படத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடுவதென்று ஜெயபாரதி முடிவு செய்திருந்தாள். அதற்கு மேல் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

நர்சிங் ஹோமுக்குத் திரும்பியபோது ஆற்றின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் தடுத்தாள். ஜெயபாரதி நிற்கவில்லை. தாழ்ப்பாளைத் தானே இழுத்துக் கதவைத் திறந்தாள். மற்ற படத்தோடு இனாயத் பின்னாலேயே வந்தார். உள்ளே டாக்டர் கருணாகரன் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு, ஐரினின் தலைக்கு மேலாக ஆம்ப்ரோஸிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் ஜன்னலோரமாகக் கைக்குட்டையோடு நின்றான்.

யார் நீங்கள் என்று டாக்டர் கேட்டார். ஜெயபாரதி தன் பேரையும் தொழிலையும் சொல்லிவிட்டு, ஐரினிடம் படத்தை நீட்டினாள்.

"நோயாளிகள் படம் பார்க்கிற வழக்கம் இங்கே கிடையாது" என்றார் டாக்டர்.

"தேனாம்பேட்டைல பஸ்ஸுக்கு நிக்கிறவங்க பார்க்கிற வழக்கம் உண்டா டாக்டர்?"

எங்கே, எப்படித் தொங்கியது என்பதை அவள் சொன்னாள். ஆம்ப்ரோஸுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவன் முகம் சிவந்து டாக்டரைப் பார்த்தது. பேர் போடச் சொல்லித் தான் சொல்லவில்லை என்று டாக்டர் ஆரம்பித்தார். ஐரின் இருவரையும் கவனிக்கவில்லை. வெறுங்காலோடு ஜன்னலுக்குப் போய், பேர் எழுதிய படத்தை ஆற்று வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தன் நெஞ்சு என்று சொல்லப்பட்டதை முதல்முறையாகப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள். எது வலது தோள் என்று கேட்டாள். ஜெயபாரதி சுட்டிக் காட்டினாள். ஐரின் விரலால் அந்த இடத்தை இரண்டு முறை தடவினாள்.

"ஊசி எங்கே?" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் சொன்னாள். சின்ன வயதில், அம்மா தைத்துக்கொண்டிருந்த மெத்தை உறையின் மேல் விழுந்து புரண்டபோது, வலது தோளுக்குக் கீழே தையல் ஊசி ஒன்று குத்தி உள்ளேயே முறிந்துவிட்டது. தேடி எடுக்கப் போனால் இன்னும் ஆழமாகப் போகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். குளிர் நாளில் இன்றும் சுருக்கென்று குத்தும். எலும்பு தெரிகிற படத்தில் இரும்பு தெரியாமல் போகுமா?

இனாயத் இரண்டாவது படத்தைத் தூக்கி ஜன்னலில் வைத்தார். ஆரோக்கியமான நெஞ்சு. அதில் வலது தோளுக்குக் கீழே, மெல்லிதாக, வெள்ளையாக, நேராக ஒரு கோடு.

"இதுதான் நான்" என்றாள் ஐரின்.

கீறலாக இருக்கும் என்றார் டாக்டர், கனகராஜ் சொன்ன அதே வார்த்தையில். ஜெயபாரதி படத்தின் இரண்டு பக்கமும் நகத்தை ஓட்டிக் காட்டினாள். எங்கும் தட்டவில்லை. டாக்டர் கட்டிலைச் சுற்றி வந்து ஐரினின் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினார். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"தொடலாமான்னு முதல்ல என்னைக் கேளுங்க."

டாக்டர் கருணாகரன் ஆம்ப்ரோஸைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் அவளைக் கேட்டார். அவள் சம்மதித்தாள். அவர் விரல்கள் தோளுக்குக் கீழே அழுத்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றன. ஐரின் வலியில் முகத்தைச் சுளித்தாள். டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"நல்ல விலா எலும்பை நாளைக்கு வெட்டியிருப்பீங்க" என்றாள் ஜெயபாரதி. "ஒரே ஒரு நிமிஷம் இதை இவங்க கையில கொடுத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். ஊருக்கே காட்ட முடிஞ்சது, இவங்களுக்குக் காட்ட முடியல."

டாக்டர் நோயுள்ள படத்தைக் கையில் எடுத்து மறுபடியும் பார்த்தார். இடது நெஞ்சில் பஞ்சு ஒட்டியதுபோல் படர்ந்திருந்த வெள்ளைப் படலம் உண்மையான நோய்தான். அது யாருடையதோ, அந்த ஆள் மருந்தில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குக் கடையில் வேறு யார் படம் எடுத்துக்கொண்டது என்று ஜெயபாரதி ஐரினைக் கேட்டாள்.

"யாரும் இல்லையே. நாங்க மட்டும்தான். எனக்கு அந்த மெஷினைப் பார்த்ததும் பயமாப் போச்சு. ஒண்ணும் ஆகாது, பாருன்னு அண்ணன்தான் முதல்ல..."

அவள் நிறுத்திவிட்டாள்.

நோயுள்ள படத்தில், கழுத்தடியில், இடது காறை எலும்பின் நடுவே ஒரு முடிச்சு இருந்தது. எப்போதோ முறிந்து சேர்ந்த எலும்பு. ஜன்னலோரம் ஆம்ப்ரோஸின் கை சட்டைக் காலருக்குள் போய், பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடும்போது உடைந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் தன் இருமலைத் தங்கையின் வியாதிமேல் உள்ள பயம்போல் மறைத்து வைத்திருந்த அந்தக் கைக்குட்டை, இன்னொரு கையில் கசங்கிக் கிடந்தது.

டாக்டர் அவனை ஒரு தரம் பார்த்தார். உடனே திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஐரினிடம் சொன்னார்.

"நீ கொஞ்சம் வெளியே வாம்மா. உன்கிட்ட தனியாப் பேசணும்."

கதவு திறந்துதான் இருந்தது. அவளுடைய புடவையும் செருப்பும் கேட்டால் இப்போது கொடுத்துவிடுவார்கள். ஐரின் போகவில்லை. மைக்கோடு போட்ட விலாவைக் கையால் அணைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். அவள் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. அதிலும் கோபம்தான் அதிகம்.

"அண்ணன் இங்கதான் இருக்கார் டாக்டர். அவருக்குக் காது கேக்கும். அவர்கிட்ட சொல்லுங்க."

பிறகு கட்டிலோரம் கிடந்த நாற்காலியை இழுத்து ஆம்ப்ரோஸின் அருகில் போட்டாள்.

"உன்மேல எனக்குக் கோபம் தீரல. அது அப்புறம். உக்காரு. என்னன்னு முழுசாக் கேளு. புரியலைன்னா திரும்பக் கேளு."

ஆம்ப்ரோஸ் உட்கார்ந்தான். டாக்டர் கருணாகரன் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் படத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, "மிஸ்டர் ஆம்ப்ரோஸ்" என்று ஆரம்பித்தார்.